ஆள் வருது

துண்டை நான் தவறிப்போய் வேறு பஸ்ஸில் போட்டுவிட்டேன் என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறிப்போய் இல்லை. தெரிந்தேதான் போட்டேன். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

எங்கள் ஊர் வெண்ணந்தூர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு விசைத்தறி ஓடுகிறது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். தறி ஓடும்போது காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கைதான். சாப்பிட வா என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்ட வேண்டும். கோபம் என்றால் எதுவும் காட்ட வேண்டியதில்லை, முகமே போதும். அப்பா சரவணமுத்து, அம்மா மயிலம்மாள், அக்கா ரஞ்சனி, நான் தனப்பிரியா. நாலு பேர் ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் ஒருவர் குரல் மற்றவருக்குச் சரியாகத் தெரியாது.

எனக்கு அது வசதியாக இருந்தது. நாலு பேர் பார்த்தால் என் குரல் தொண்டையோடு நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து பாடம் படிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். புத்தகத்தில் எழுத்து தெரிந்தது, வாய் திறக்கவில்லை. திறக்கும்வரை நில் என்றார்கள். மணி அடிக்கும்வரை நின்றேன். பின்னால் பெஞ்சில் தாளம் தட்டினார்கள். மறுநாள் நான் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. தார் சுற்ற உட்கார்ந்துவிட்டேன். தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சுற்றி வைக்கிற குச்சி. நாளெல்லாம் சுற்றிக் கொடுக்கலாம், ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

வருடத்தில் பொங்கலுக்கு நாலு நாள் தறி நிற்கும். காணும் பொங்கலன்று நாங்கள் நாலு பேரும் ஆத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற அருவிக்குப் போவோம். நாமகிரிப்பேட்டை வழியாகப் போனால் கிட்டம்தான். ஆனால் அப்பாவுக்குச் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பூரிக்கிழங்கு சாப்பிட்டால்தான் அது பயணம். சேலம் போய், பூரி சாப்பிட்டு, அங்கிருந்து ஆத்தூர் பஸ் ஏறுவோம்.

அந்த பஸ்ஸில்தான் அம்மாவுக்குச் சிரிப்புச் சத்தம் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. வீட்டில் அவள் சிரித்தால் பல் மட்டும்தான் தெரியும். அப்பா வழியில் வருகிற ஊர்ப் பலகையை எல்லாம் சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு அந்த ஊரில் தனக்கு யாரோ பெண் கொடுக்க வந்ததாகச் சொல்வார். அம்மா, அயோத்தியாப்பட்டணத்துக்காரி தப்பிச்சுக்கிட்டா என்பாள். அக்கா கேள்வி கேட்டுக்கொண்டே வருவாள். நான்கூட அக்கா காதில் பேசுவேன், அக்கா அதை உரக்கச் சொல்வாள், அப்பா பின்னால் திரும்பி எனக்குப் பதில் சொல்வார். ஒரு வருடம் பேச வேண்டியதை அந்த ஒரு நாளில் பேசுவோம். சேர்ந்து ஊருக்குப் போவதால் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் ஆறு தறிக்கு நடுவில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த பஸ்ஸில் வைத்துத்தான் அக்கா சொன்னாள். வாழப்பாடியில் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுகிற கடை வைத்திருக்கும் தீனதயாளனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று. எங்கள் தறி மோட்டார் எரிந்தபோது வந்து சரிசெய்தவர். அவர்கள் வேறு ஆட்கள். அக்கா முன்சீட்டுக்குச் சாய்ந்து, அப்பாவின் காதுக்கு நேராக, நிதானமாகச் சொன்னாள். அப்பா அதற்குப் பிறகு எந்தப் பலகையையும் படிக்கவில்லை. சித்திரையில் அக்கா பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா கிணற்றடியில் தலை முழுகினார். எங்கள் பக்கம் அப்படி முழுகிவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

ஒண்ணா ஊர் சுத்துனதுல வந்த வெனை என்று அத்தை சொன்னாள். அப்பாவின் அக்கா, சின்னாயி அத்தை, பக்கத்து வீடு. பஸ்ஸில் கூட்டிப்போய் நாலு ஊரைக் காட்டினால் பெண்ணுக்கு வழி தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். அக்காவுக்கு வழி தெரிய பஸ் வேண்டியதில்லை. பஸ் இருந்ததால்தான் அவள் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒருநாள் பயணம் இல்லாமல் இருந்தால் சொல்லாமலே போயிருப்பாள். அப்பாவுக்குத் தன் மகள் குரலில் அந்தச் செய்தி கேட்கக் கிடைத்ததே, அதை அத்தை கணக்கில் சேர்ப்பதில்லை.

அதன் பிறகு நாங்கள் மூன்று பேர். மூன்று பேராகப் புறப்படக் கூடாது என்பார்கள். போகிற காரியம் நடக்காதாம். மூன்று பேர்தான் என்றால் ஒரு கல்லையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும், அது நாலாவது ஆள். கல்யாணமோ இழவோ ஆஸ்பத்திரியோ, நாங்கள் கிளம்பும்போதெல்லாம் அத்தை வாசலில் ஒரு கல்லைப் பொறுக்கி அம்மாவின் பையில் போடுவாள். இந்தா உன்ற மூத்தவ என்று ஒருதரம் சொன்னாள். அம்மா பையின் வாயை மூடினாள்.

அருவிக்குப் போவதை மட்டும் அப்பா நிறுத்தவில்லை. அது ஏன் என்று நான் நிறைய யோசித்தேன். ஆனால் ஒன்றை மாற்றினார். ஆத்தூர் பஸ்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாழப்பாடி ஊருக்குள் போய் பஸ் ஸ்டாண்டில் நின்று வரும். இன்னொன்று பைபாஸில் போய்விடும். இரண்டு வருடமாக நாங்கள் பைபாஸ் பஸ்ஸில் போனோம், அந்தக் கல்லோடு. வாழப்பாடிப் பிரிவு வரும்போது அம்மா மட்டும் ஊர்ப் பக்கம் பார்ப்பாள். பாலத்துச் சுவர்தான் தெரியும். மூன்று பேரும் பேசாமல் போய் அருவியில் தலையை நனைத்துக்கொண்டு பேசாமல் வந்தோம். தறி இல்லாமலே எங்களுக்குக் காது அடைத்திருந்தது.

இந்த வருடம் போகிக்கு முதல் நாள் நான் அக்காவுக்கு போன் செய்தேன். என்னிடம் பேசும்போது மட்டும் அக்கா காத்திருப்பாள், அவசரப்படுத்தமாட்டாள். காணும் பொங்கலன்று பத்து மணிக்கு வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் நில், நான் இடம் பிடித்து வருகிறேன் என்றேன். அப்பா எறக்கி விட்டுட்டா என்று அக்கா கேட்டாள். எறக்கி விட்டா நானும் எறங்கிக்கறேன் என்றேன். சொன்னது சொன்னதுதான்.

பஸ்ஸில் இடம் பிடிப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு விழுந்த சீட்டு நம் சீட்டு. அதற்கு வாய் வேண்டாம், கால் போதும்.

அன்றைக்கு அப்பா பூரிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். பைபாஸ் ஆத்தூர், பைபாஸ் ஆத்தூர் என்று ஒரு பஸ் வந்தது. நான் அதை விட்டேன். அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸின் கண்ணாடியில் வாழப்பாடி என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதோடு ஓடினேன். துண்டு ஒரு சீட்டில், புளிச்சோற்றுத் தூக்குப்போசி அதற்குப் பின் சீட்டில். ஒவ்வொன்றும் இரண்டு பேர் உட்காரும் சீட்டு. நாலு இடம்.

அப்பா வந்து ஏறினார். பலகையைப் பார்க்காமல் ஏறினாரா, பார்த்துவிட்டு ஏறினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காணும் பொங்கல் கூட்டம், இடம் கிடைத்ததே பெரிது. அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் ஜன்னல் ஓரம். என் பக்கத்தில் தூக்குப்போசி.

பஸ் கிளம்பும் முன்பே ஒருவர் புது வேட்டியோடு வந்து போசியைத் தூக்கப் பார்த்தார். நான் அதன்மேல் கையை வைத்தேன்.

"ஆள் வருதாம்மா?"

தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பியது. அவர் என்னையும் போசியையும் பார்த்தார். ஆளு எங்க வருது, சோறுதான் வருது என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அம்மா திரும்பி, அவரை உக்காரச் சொல்லு சாமி என்றாள். நான் அம்மாவின் பையைக் கேட்டேன். கொடுத்தாள். உள்ளே கையை விட்டு, காலையில் அத்தை போட்ட கல்லை எடுத்து, போசியைக் காலடியில் வைத்துவிட்டு அந்த இடத்தில் கல்லை வைத்தேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் அப்படியே நின்றது. பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் இன்னும் கூட்டம் ஏறியது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். பிள்ளை அழுதது. அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, கல்லு உக்காந்துட்டு வருது, பச்சப்புள்ள நின்னுட்டு வரோணுமா?"

அவள் கேட்டது நியாயம். நியாயத்தை எதிர்த்து நிற்பது ஆட்களை எதிர்த்து நிற்பதைவிடக் கஷ்டம். நான் எழுந்தேன். என் ஜன்னல் இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். அவள் பிள்ளையோடு உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். நான் கல்லுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நிற்கலாம். அந்த இடத்தை விடமாட்டேன்.

அப்போதுதான் பஸ்ஸே எங்களைப் பார்க்க ஆரம்பித்தது. இடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பெண் என்றால் கேட்காமல் இருப்பார்களா? ஒருவர் கல்லுக்குப் பொங்கல் வைத்தாகிவிட்டதா என்றார். இன்னொருவர் சாமிக்கல்லாக இருக்கும், தொடாதே என்றார். புது வேட்டிக்காரர், முடிஞ்சா அதுக்கொரு மால போடுங்க என்றார். அப்பா இதெல்லாம் கேட்டும் திரும்பவில்லை. அவருடைய பிடரியை மட்டும் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நின்றதுபோலவே இருந்தது. தாளம் மட்டும்தான் இல்லை. ஆனால் அன்றைக்கு யாரோ நிற்கச் சொல்லி நின்றேன். இன்றைக்கு நானாக நிற்கிறேன். இரண்டும் ஒன்றில்லை என்று காரிப்பட்டி வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

காரிப்பட்டி தாண்டித்தான் கண்டக்டர் எங்களிடம் வந்தார். அப்பா மூணு ஆத்தூர் என்றார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் கல்லைப் பார்த்தார்.

"இந்த எடம் யாருதுங்க?"

கல்லை எடுத்து வெளியே போட அவர் கையை நீட்டினார். என் தொண்டை வழக்கம்போல அடைத்தது. அது அடைத்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன்.

"எங்கக்காளுது. வாழப்பாடில ஏறுவா."

என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தறிக்கொட்டகையில் வளர்ந்தவளுக்குச் சின்னக் குரல் எங்கிருந்து வரும்? பின்சீட்டுவரை கேட்டிருக்கும். அப்பாவின் பிடரி அசையவில்லை.

கண்டக்டர் சிரிக்கவில்லை. அவருக்கும் கூட்டத்தில் எரிச்சல். சேலத்திலிருந்து இடம் பிடித்தால் சேலத்திலிருந்தே டிக்கெட் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்பவரை உட்கார விட வேண்டும் என்றார். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லிக் கூட்டிவர மாட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் கையை அப்பா தள்ளினார்.

"நாலாக் குடுங்க," என்றார். "சேலத்துல இருந்தே."

அவ்வளவுதான். திரும்பவில்லை. டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊருக்கு முன்னால் மானம் போகக் கூடாது என்று எடுத்தாரா, அக்காவுக்காக எடுத்தாரா என்று அத்தை பிறகு என்னைக் கேட்டாள். எதற்காக எடுத்தால் என்ன? நாலாவது டிக்கெட் எடுத்தார். நான் பார்த்தேன்.

வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சேலை, கையில் ஒரு கட்டைப்பை. அவளுக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்து தீனதயாளன் மாமா. அக்கா ஜன்னலில் என்னைத் தேடினாள். தேடிய கண் அப்பாவின் மேல் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டாள். நாலு பேர் இறங்கினார்கள், பத்துப் பேர் ஏறினார்கள், அவள் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அக்கா, எடம் இருக்குது!"

நான்தான் கத்தினேன். அப்பா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. தறிக்கொட்டகையில் சாப்பிட வா என்று கூப்பிடுகிற மாதிரி, கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். எங்கள் வீட்டில் வா என்பதற்கு வேறு கை கிடையாது. பஸ்ஸில் யாருக்கும் அது விளங்கியிருக்காது. அக்கா ஓடி வந்து ஏறினாள்.

அவள் உட்காரும் முன் நான் கல்லை எடுத்தேன். அம்மா பின்னால் பார்க்காமலே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

அக்கா அழவில்லை. பக்கத்துப் பிள்ளைக்குக் கட்டைப்பையிலிருந்து ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஊர் வந்தது. அப்பா வெளியே பார்த்தபடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று படித்தார். மூன்று வருடத்தில் அவர் படித்த முதல் பலகை. இங்க யாருங்க பொண்ணு குடுக்க வந்தது என்று அம்மா கேட்டாள். அப்பா அதை விட்டுவிட்டு, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

"நாலாம் நம்பர் தறி மோட்டாரு சூடாவுது. ராசிபுரத்துல ஒருத்தங்கிட்டக் காட்டுனேன். அவனுக்குக் கையி பத்தல."

அக்கா முன்சீட்டுக்குச் சாய்ந்தாள். அன்றைக்குச் சாய்ந்தது போலவே, அப்பாவின் காதுக்கு நேராக.

"சொல்றனுங்கப்பா. வந்து பாப்பாங்க."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். தீரவில்லை. அருவியில் குளிக்கும்போதும் அக்காவிடம் அவர் இரண்டு வார்த்தைதான் பேசினார், அதுவும் வழுக்கும், பார்த்துக் காலை வை என்று. ஆனால் இரண்டு வார்த்தை என்பது இரண்டு வார்த்தை.

ஆத்தூரில் இறங்கியதும் அப்பா அம்மாவிடம் அந்தக் கல் எங்கே என்று கேட்டார். திரும்பும்போது மூன்று பேராக ஆகிவிடுவோமே என்ற பழக்கத்தில் கேட்டிருப்பார்.

"அது வாழப்பாடிலயே எறங்கிக்கிச்சுங்க," என்றாள் அம்மா.

அப்புறம் சிரித்தாள். சத்தமாக. ஸ்டாண்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று சிரித்தாள்.

சாயங்காலம் ஆத்தூர் ஸ்டாண்டில் திரும்பவும் அதே கூட்டம். சேலம் பஸ் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து முறுக்கிப் பிழிந்து, உதறி, என்னிடம் நீட்டினார். பைபாஸ் சேலம் என்று கத்திக்கொண்டு ஒரு பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது. காலி சீட்டு நிறைய இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அதுல வேண்டாஞ் சாமி," என்றார். "உள்ள போறதாப் பாத்துப் போடு."